இலங்கை மலையகத்தில் ஹோட்டன் சமவெளி, நக்கிள்ஸ் பக்கம் காட்டு விலங்கு, பறவை படமெடுக்கப் போகும்போது டிரைபொட் தூக்கிக்கொண்டு போகத்தான் வேண்டுமா?

கேட்டவர் கொழும்பிலிருந்து ஜனவரியில் வருகிறாராம். கையில் 150-600 மி.மீ. தூர லென்ஸ் இருக்கிறது. யூடியூபில் அமெரிக்க வேட்டைக்காரர்கள் மரத்தில் பட்டி கட்டி, கமராவைப் பிடிக்கும் நீளக் கை ஒன்றை அதில் பூட்டி, வில்லில் இன்னொரு குட்டிக் கமரா, முதுகில் டிரைபொட் என்று போவதைப் பார்த்திருக்கிறார். அதே மாதிரி ஒரு செட் வாங்கி மலையகக் காட்டில் சுற்றலாமா, எப்படிச் சுமப்பது, தோட்டத்துப் பக்கம் பன்றிக்குப் போகிற ஆட்களோடு சேர்ந்து போய் வீடியோ எடுக்கலாமா என்று மூன்று கேள்வி.

நான் ஹட்டன் பக்கம். லென்ஸைத் தூக்கிக்கொண்டு இந்த மலைகளில் ஏறி இறங்குவதுதான் என் லீவு நாள் வேலை. டிரைபொட்டை வீட்டில் விட்டுவிட்டு ஒரு மொனோபொட்டும் (ஒற்றைக்கால் ஸ்டாண்ட்) லென்ஸைச் சாய்த்து வைக்க ஒரு பயற்றுப் பையும் எடுத்து வாருங்கள், கடைசிக் கேள்விக்கு வேண்டவே வேண்டாம் என்பதுதான் பதில். மற்றதெல்லாம் விளக்கம், அவசரமென்றால் இத்தோடு போய்விடலாம்.

அந்த வேட்டைக்காரர்களின் செட்டைக் குறை சொல்லவில்லை. அவர்கள் விடியும் முன்னே ஒரு மரத்தில் ஏறி உட்கார்ந்தால் அரை நாள் இறங்க மாட்டார்கள், மான் எந்தப் பாதையில் வரும் என்று முன்கூட்டியே தெரியும், அது வரும்போது ஒரு கையால் கமராவைத் திருப்பிவிட்டு மற்றக் கையால் வேலையைப் பார்க்க வேண்டும், அதற்குத்தான் மரத்தில் பூட்டும் கை. நம்முடைய கதை வேறு. தேசிய பூங்காவில் பாதையை விட்டு இறங்கக்கூடாது, மரத்தில் எதையும் பூட்டக்கூடாது, மூடுபனிக்குள் நடந்துகொண்டே இருக்கிறோம், வளைவு திரும்பினால் எட்டு அடியில் ஒரு குருவி இருக்கும், நீங்கள் டிரைபொட்டின் முதல் காலை இழுத்து முடிப்பதற்குள் அது அடுத்த மலைக்குப் போயிருக்கும். இங்கே எவ்வளவு உறுதியாகப் பிடிக்கிறது என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் கைக்கு வருகிறது என்பதுதான் கணக்கு.

பாரத்தையும் பாருங்கள். 150-600 வகை லென்ஸ் ஒன்று மட்டும் கிட்டத்தட்ட 2 கிலோ. கமரா உடல் இன்னும் முக்கால் கிலோ. அதைத் தாங்கக்கூடிய டிரைபொட் கார்பன் என்றாலே ஒன்றரை கிலோவுக்கு மேல், அலுமினியம் என்றால் இன்னும் கூட, அதற்கு மேல் பெரிய லென்ஸை லேசாகத் திருப்ப உதவும் கிம்பல் தலை வைத்தால் இன்னொரு கிலோ. ஹோட்டன் சமவெளியில் உலக முடிவு என்ற மலைவிளிம்பு, பேக்கர் நீர்வீழ்ச்சி என்று சுற்றி வரும் பாதை ஏறக்குறைய 9 கிலோமீட்டர், அதுவும் 2,100 மீட்டருக்கு மேலே. கொழும்பிலிருந்து இரவோடு இரவாக வேனில் வந்து, தூக்கமும் இல்லாமல், அந்த உயரத்தில் இத்தனையையும் சுமந்தால் பாதி வழியில் கமராவைப் பைக்குள் வைத்துவிடுவீர்கள். பைக்குள் போன கமரா பிறகு வெளியே வராது.

மொனோபொட் அரைக் கிலோ சொச்சம். இறக்கத்தில் ஊன்றுகோல், நின்றால் கமரா ஸ்டாண்ட். இப்போதைய லென்ஸ்களில் ஆட்டம் குறைக்கும் வசதி உள்ளேயே இருப்பதால் பகல் வெளிச்சத்தில் டிரைபொட்டின் வேலை பாதி குறைந்துவிட்டது. உங்களுக்குத் தேவை கை சோராமல் இருப்பதுதான். மரை மானோ மந்தியோ தலையைத் தூக்கும்வரை அந்த 2 கிலோவைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்று பாருங்கள், தோள் தானாக நடுங்க ஆரம்பிக்கும். திருகிப் பூட்டும் மொனோபொட்டைவிட நெம்பித் திறக்கும் கிளிப் வகையை வாங்குங்கள், குளிரில் விரல் விறைத்த பிறகும் அது திறக்கும். ஜனவரி, பெப்ரவரி விடியற்காலைகளில் ஹோட்டன் சமவெளிப் புல்லில் உறைபனி படிகிற நாள்கள் உண்டு, அலுமினியக் குழாயைத் தொட்டால் கை ஒட்டிக்கொள்ளும்போல் இருக்கும், சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிவிட்டால் சரி. பட்டரியும் அந்தக் குளிரில் சீக்கிரம் இறங்கும், இரண்டாவதை சட்டைக்குள் உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள்.

பயற்றுப் பை என்பது பெரிய விஷயமில்லை. பழைய ஜீன்ஸின் முழங்காலுக்குக் கீழ்ப்பகுதியை வெட்டி இரண்டு பக்கமும் தைத்து, ஒரு பக்கத்தில் ஜிப் வைத்தால் முடிந்தது. வெறும் பையாகக் கொண்டு வந்து நுவரெலியாவில் ஒரு கடையில் இரண்டு கிலோ பயறு வாங்கி நிரப்புங்கள், போகும்போது அவித்துச் சாப்பிடலாம். பட்டிப்பொல பக்கமிருந்து பூங்காவுக்குள் நடைபாதை தொடங்கும் ஃபார் இன் வரைக்கும் போகிற பாதையில் வேன் ஜன்னலில் இந்தப் பையை வைத்து அதன் மேல் லென்ஸைப் படுக்கப் போட்டால் எந்த டிரைபொட்டும் கிட்டே வராது, ஒரே நிபந்தனை, டிரைவரிடம் எஞ்சினை நிறுத்தச் சொல்ல வேண்டும். இன்னொன்று, ஃபார் இன் கார் நிறுத்துமிடத்துக்கு வரும் மரைகள் மனிதருக்குப் பழகியவை, 600இல் அதன் மூக்கு மட்டும்தான் வரும், அங்கே ஃபோனே போதும். பிஸ்கட் நீட்டாதீர்கள், தயவுசெய்து.

நுவரெலியா விக்டோரியா பூங்காவிலும் பைதான். குளிர்காலத்தில் இந்தியப் பக்கமிருந்து வரும் ஆறுமணிக்குருவி, காஷ்மீர் ஈப்பிடிப்பான் எல்லாம் அங்கே கிடைக்கும், ஊருக்கு நடுவே, சீட்டு எடுத்துக்கொண்டு உள்ளே போனால் போதும். ஆறுமணிக்குருவி நிலத்தில் இலையைக் கிளறித் தின்னும் பறவை. அதை நின்ற உயரத்திலிருந்து எடுத்தால் முதுகும் இலையும்தான் விழும். ஓடைப் பக்கம் குந்தி, பையைத் தரையில் போட்டு, லென்ஸை அதன் கண் மட்டத்துக்கு இறக்க வேண்டும். நாற்றம் கொஞ்சம் இருக்கும், ஓடையின் நிலைமை அப்படி.

சரி, டிரைபொட் எப்போது வேண்டும்? எனக்குத் தெரிந்து இரண்டு வேலைக்கு. ஒன்று, அருவி நீரைப் பஞ்சு மாதிரி இழுத்து எடுப்பது. மற்றது, சிவனொளிபாதமலை சீசனில், அதாவது டிசம்பர் போயாவிலிருந்து (பௌர்ணமி) மே வெசாக் வரைக்கும், மஸ்கெலியா பக்கமிருந்து இரவில் படிக்கட்டு விளக்குகள் மலையுச்சி வரை கோடு போட்ட மாதிரி தெரிவதை எடுப்பது. இதற்குக் கீழே தூரத்தில் நிற்க வேண்டும். டிரைபொட்டோடு மேலே ஏறி உச்சியில் விரிக்கலாம் என்று நினைக்காதீர்கள், விடியற்காலையில் அங்கே கால் வைக்கவே இடம் கிடையாது, யாத்திரை வந்தவர்களுக்கு நடுவே மூன்று காலை விரித்து வைப்பது நன்றாகவும் இருக்காது. நக்கிள்ஸில் றிவர்ஸ்டன் பக்கம் காற்று டிரைபொட்டை நிற்கவே விடாது. பையை டிரைபொட்டின் நடுக் கொக்கியில் தொங்கவிட்டால் நிற்கும் என்பார்கள், அந்தக் காற்றில் தொங்குகிற பையே ஊஞ்சலாடி ஸ்டாண்டை ஆட்டும், பையைத் தரையில் தொடும் அளவுக்கு இறக்கிக் கட்ட வேண்டும். நடுத் தண்டை ஏற்றாதீர்கள், தடித்த கால்களை முதலில் இழுங்கள். சரிவில் இரண்டு கால் பள்ளத்துப் பக்கம், ஒரு கால் மேட்டுப் பக்கம். பத்தனை என்ற மலைப் புல்வெளியில் மேலே காய்ந்த மாதிரி தெரியும், உள்ளே கறுப்பு மண் நீரோடு மெத்தென்று இருக்கும், காலை அழுத்தி இறக்கிவிட்டு பிறகு மட்டம் பார்க்காவிட்டால் படம் எடுக்கும்போதே மெல்லச் சாய்ந்துகொண்டிருக்கும்.

தூக்கிப் போவதானால் பையின் பக்கவாட்டில் கட்டாதீர்கள். முகில்காட்டுப் பாதை ஒடுக்கம், பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கிற கால் கிளையில் மாட்டி உங்களைப் பின்னால் இழுக்கும். நடு முதுகில், தலை மேலே கால் கீழே. லென்ஸ் முதுகோடு ஒட்டி இருக்க வேண்டும், வெளிப் பக்கம் பாரம் போனால் ஏற்றத்தில் பின்னுக்குச் சாய்வீர்கள். இடுப்புப் பட்டி உள்ள பைதான் வேண்டும், பாரம் தோளில் அல்ல இடுப்பில் உட்காரணும். கழுத்துப் பட்டியில் இவ்வளவு பெரிய லென்ஸைத் தொங்கவிட வேண்டாம். பட்டியை லென்ஸின் அடிக்கால் வளையத்தில் கோத்து குறுக்கே போடுங்கள், கமராவின் காதில் கோத்தால் முழுப் பாரமும் லென்ஸ் பூட்டும் இடத்தில் இழுக்கும். மொனோபொட்டோடு பூட்டித் தோளில் சாய்த்து நடப்பவர்கள் லென்ஸுக்கும் மொனோபொட் தலைக்கும் நடுவே ஒரு பாதுகாப்புக் கயிறு போடட்டும், அந்தத் திருகு நடக்க நடக்கக் கழன்றுவரும்.

மழைக்கு பொலித்தீன் சுற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தால், ஹோட்டன் சமவெளி வாசலில் பையைத் திறந்து பார்த்து பொலித்தீனை எடுத்துவிடுவார்கள். துணி உறை வாங்குங்கள். அல்லது எங்கள் தோட்டங்களில் கொழுந்து எடுக்கப் போகும் அக்காமார் இடுப்பில் சுற்றும் படங்கு இருக்கிறதே, அதில் ஒரு துண்டு. பாரமாக இருந்தாலும் தரையில் விரித்து உட்காரலாம், மழைக்குப் போர்த்தலாம், காற்றில் படபடக்காது. நக்கிள்ஸில் அட்டை உண்டு, டிரைபொட் கால் வழியாகவே ஏறி வரும், காலில் சவுக்காரம் தேய்த்துக்கொண்டு மேலே அட்டைக்கான சொக்ஸ் போடுங்கள். ஹோட்டன் சமவெளியில் அந்தத் தொல்லை இருக்காது.

இப்போது பன்றிக்குப் போகும் ஆட்கள் விஷயம். இந்த மலைகளில் வேட்டை பழைய கதை, வெள்ளைக்காரன் காலத்தில் ஆயிரத்துக்கு மேல் யானையைச் சுட்டவர் என்று சொல்லப்படும் மேஜர் ரோஜர்ஸ் 1845இல் ஹப்புத்தளைப் பக்கம் மின்னல் விழுந்துதான் செத்தார், கல்லறை நுவரெலியாவில் இருக்கிறது. அதெல்லாம் போகட்டும். 1937ஆம் ஆண்டு வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டம் இப்போதும் இருக்கிறது, மரையைத் தொட்டால் வழக்கு, கூடப் போய் வீடியோ எடுத்தால் அந்த வீடியோவே சாட்சி. அதைவிடப் பெரிய பயம் சுருக்குக் கம்பியும், கால் பட்டால் தானாக வெடிக்கும் கட்டுத்துவக்கும். பன்றிக்கென்று வைப்பார்கள், விழுவது எதுவோ. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் லக்சபான தோட்டத்தில் மரக்கறித் தோட்டத்துக் கம்பியில் சிக்கிய கருஞ்சிறுத்தை உயிரோடு மீட்கப்பட்டு சிகிச்சைக்கு உடவளவைக்குக் கொண்டுபோன பிறகும் சில நாளில் செத்துப்போனது. அந்தக் கம்பி உங்கள் காலையும் பிடிக்கும். தேயிலை மலைக்கு மேலே உள்ள காட்டோரத்தில், உள்ளூர் ஆள் இல்லாமல், லென்ஸில் கண்ணை வைத்துக்கொண்டு பின்னால் அடி எடுத்து வைக்காதீர்கள்.

இன்னொன்று, துணியில் சுற்றிய டிரைபொட்டைத் தோளில் சாய்த்து இருட்டோடு தோட்டத்துக்குள் நடக்கிறவர் தூரத்தில் பார்ப்பவருக்குத் துவக்கோடு போகிறவர்தான். முதல் நாளே தோட்ட ஆபிசில் சொல்லி துரையிடம் (மனேஜர்) அனுமதி வாங்கிவிடுங்கள், தொழிலாளர் வீடுகள் இருக்கும் லயத்துப் பக்கம் ஓர் அண்ணனிடம் பேசி அவரையே கூட்டிக்கொண்டு போங்கள், சம்பளம் கொடுத்து. சிறுத்தை எந்தப் பாறையில் வெயில் காயும் என்று அவருக்குத்தான் தெரியும். ட்ரோனைக் கொண்டு வராதீர்கள், பூங்காவுக்குள் அதற்கு அனுமதி இல்லை.

திரும்பிப் போன அன்றைக்கே கமராவைப் பையோடு அலுமாரிக்குள் வைத்துவிடாதீர்கள். மலை ஈரத்தோடு கொழும்புப் புழுக்கத்துக்குப் போனால் லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடிக்கும், சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள். மொனோபொட்டின் கீழ்த் துண்டை முழுக்க இழுத்து, மண்ணைத் துடைத்து, விரித்தபடியே ஒரு இரவு காயவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த பயணத்தில் கிளிப் இறுகிப்போயிருக்கும்.