வழிவிடுவது

அன்புள்ள ஐயா,

நரேன் கார்த்திகேயன் ஜோர்டன் காரில் ஏறிய ஆண்டு எனக்கு ஏழு வயது. கோவைக்காரன் என்பதால் அன்றிலிருந்து ஃபார்முலா 1 எங்கள் வீட்டுச் சமாச்சாரம். 2026-க்கு கேடிலாக் என்று ஒரு புது அணி. கார் புதுசு, பட்டறை புதுசு, ஆட்கள் புதுசு. ஓட்டுநர்கள் மட்டும் செர்ஜியோ பெரெஸ், வால்டேரி போட்டாஸ்! ஒருவரை ரெட் புல் கழற்றிவிட்டது, இன்னொருவரை சாபர் கழற்றிவிட்டது. இப்படி ஒரு வாசலில் அனுப்பிவிட்டால் அடுத்த வாசலில் போய் நிற்பது கௌரவமா? பேர் இருக்கும்போதே விலகி இளைஞர்களுக்கு வழிவிட வேண்டாமா? இது எழுத்தாளர்களுக்கும் பொருந்தும் என்று நினைக்கிறேன். தவறாக எண்ண வேண்டாம்.

பி.கு.: அஜித் ரேஸ் ஓட்டுவதைப் பற்றி எழுதுவீர்களா?

கே., கோவை

—

அன்புள்ள கே.,

சில்லறைப் பாக்கிகளை முதலில் தீர்த்துவிடுகிறேன். அஜித்தைப் பற்றி எழுத ஊரே இருக்கிறது, நான் எதற்கு? எழுத்தாளர்கள் என்று நீங்கள் சொன்னது என்னைத்தான் என்பது புரிந்தது. தவறாக எண்ணவில்லை, நிறுத்தப்போவதும் இல்லை. பெரெஸும் போட்டாஸும் வேகமாக ஓட்டுவார்களா என்பதைச் சொல்ல ஸ்டாப்வாட்ச் இருக்கிறது. அது உங்களையும் கேட்காது, என்னையும் கேட்காது.

ஆனால் 'வழிவிட வேண்டாமா' என்று ஒரு வார்த்தை போட்டிருக்கிறீர்கள் பாருங்கள், இந்தப் பதில் அதற்குத்தான். கொஞ்ச நாளாகவே ரூபன்ஸ் பாரிக்கெல்லோ ஞாபகம். உங்கள் வயதுக்காரர்களுக்கு அவர் ஷூமாக்கருக்குப் பின்னால் வந்த பிரேசில்காரர், அவ்வளவுதான். இண்டியானாபொலிஸில் 2005-இல் டயர் பிரச்சினையால் ஆறே கார்கள் ஓடிய பந்தயத்தில் நரேன் நான்காவதாக வந்தாரே, அன்று இரண்டாவதாக வந்தவர் இவர்தான்.

வழிவிட்ட கதை அதற்கு மூன்று வருஷம் முன்னால். 2002 மே 12, ஆஸ்திரியா. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். என் மாமா சங்ககிரியில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். நேஷனல் பெர்மிட் வண்டி, நாக்பூருக்கும் கல்கத்தாவுக்கும் போய்வருகிறவர். இரண்டு லோடுக்கு நடுவில் எங்கள் வீட்டுக்கு வந்தவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பனியனோடு என் பக்கத்தில் உட்கார்ந்து டிவி பார்த்தார். "இதென்ன, ஒரே எடத்தச் சுத்திச் சுத்தி வரானுங்க" என்று முதல் அரைமணி நேரம் கிண்டல். பாரிக்கெல்லோ ஆரம்பத்திலிருந்து முன்னால் போய்க்கொண்டிருந்தார். பின்னால் அதே ஃபெராரி அணியின் ஷூமாக்கர். கடைசிச் சுற்று, கடைசித் திருப்பம், கோடு கண்ணுக்குத் தெரிகிறது. அங்கே வந்து, அணி உத்தரவுப்படி, பாரிக்கெல்லோ வேகத்தைக் குறைத்தார். ஷூமாக்கர் தாண்டிப் போனார். வித்தியாசம் 0.182 வினாடி.

கூட்டம் ஊளையிட்டது. எனக்குக் கோபம் வந்து பாரிக்கெல்லோவைத் திட்டினேன், முதுகெலும்பில்லாத ஆள் என்று. மாமா டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார்: "மொதலாளி வண்டி. உடுன்னா உட்டுத்தான் ஆவோணும். ஆனா எங்க உட்டான் பாத்தியா? பாதி வழிலயே உட்டிருந்தா ஒருத்தனுக்கும் தெரியாது. கோட்டுகிட்டக் கொண்டாந்து உட்டிருக்கான். ஊருக்கே தெரியட்டும்னு."

ஃபார்முலா 1 எழுதிப் பிழைக்கிறவர்கள் அந்தப் பந்தயத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். நான் படித்ததில் மாமா சொன்னதற்கு மேல் ஒன்றும் இல்லை. மேடையில் ஷூமாக்கர் வெட்கப்பட்டு இவரை முதல் படியில் ஏற்றிவிட்டார். மேடை மரபை மீறியதற்கு ஃபெராரிக்கும் ஓட்டுநர்களுக்கும் சேர்த்துப் பத்து லட்சம் டாலர் அபராதம், அதில் பாதி நிறுத்திவைப்பு. அந்த வருஷ முடிவில் அணி உத்தரவுகளையே தடை செய்தார்கள்.

ஆக, வழிவிடுவது என்றால் என்ன என்று உலகத்திலேயே நன்றாகத் தெரிந்த ஓட்டுநர் இவர். இவர் அப்புறம் என்ன செய்தார் என்பதுதான் உங்களுக்கு நான் சொல்ல வந்தது.

ஃபெராரியோடு ஒப்பந்தம் இன்னும் ஒரு வருஷம் பாக்கி இருக்கும்போதே 2005 கடைசியில் வெளியே வந்து ஹோண்டாவில் சேர்ந்தார். 2007 முழுக்க ஒரு புள்ளிகூட இல்லை. 2008 டிசம்பர் 5 அன்று ஹோண்டா கடையையே மூடியது. உலகப் பொருளாதாரம் விழுந்த நேரம். இங்கிலாந்தில் பிராக்லியில் இருந்த அணியின் பட்டறையில் எழுநூறு சொச்சம் பேர் வேலை இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் கிறிஸ்துமஸ் கொண்டாடினார்கள். கூட ஓட்டிய ஜென்சன் பட்டனுக்கு ஒப்பந்தம் இருந்தது. பாரிக்கெல்லோவுக்கு அதுவும் இல்லை. வயது 36. அவருடைய சீட்டுக்கு நவம்பரிலேயே பார்சிலோனாவில் ஒரு பையனை ஓட்டவிட்டுப் பார்த்திருந்தார்கள். பையன் பெயர் புருனோ சென்னா.

ஆமாம், பிரேசிலின் உலக சாம்பியன் அயர்ட்டன் சென்னாவின் அக்கா மகன். 1994 இமோலாவில் வெள்ளிக்கிழமைத் தகுதிச் சுற்றின்போது பாரிக்கெல்லோவின் ஜோர்டன் கார் பறந்துபோய் வேலியில் மோதியது. மருத்துவ அறைக்கு அவரைப் பார்க்க ஓடிவந்தவர் சென்னா. பாரிக்கெல்லோவுக்கு 21 வயது, மூக்கு உடைந்திருந்தது. இரண்டு நாள் கழித்து, ஞாயிறு, சென்னா இல்லை. அதற்கப்புறம் பிரேசில் முழுக்க அடுத்த சென்னா யார் என்று தேடிய கண்ணெல்லாம் இந்தப் பையன் மேல்தான் விழுந்தது. பாவம், அதை அவர் கேட்கவே இல்லை.

அந்தக் குளிர்காலம் முழுக்க பாரிக்கெல்லோ காத்திருந்தார். உங்கள் அகராதிப்படி கௌரவமாக விலக அதைவிட நல்ல நேரம் கிடையாது. அணியே இல்லை, யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அவர் விலகவில்லை. ஹோண்டா அணியை நடத்திக்கொண்டிருந்த ராஸ் பிரான் ஒரு பவுண்டுக்கு அணியை வாங்கி, மெர்சிடிஸ் எஞ்சினைப் பொருத்தி, 2009 மார்ச் 6 அன்று பிரான் ஜிபி என்று பெயர் சூட்டினார். முதல் பந்தயத்துக்கு மூன்றே வாரம். சோதனை ஓட்டத்துக்குக் கைவிரல் விட்டு எண்ணுகிற நாட்கள்தான். சீசன் நடுவில் சோதனைக்கு அந்த வருஷத்திலிருந்து தடை வேறு. இந்த நிலைமையில் உங்களுக்கு யார் வேண்டும், கே.? பத்து சுற்று ஓட்டிவிட்டு இறங்கி, எந்தத் திருப்பத்தில் பின்பக்கம் வழுக்குகிறது, பிரேக் எந்த இடத்தில் கடிக்கவில்லை என்று எஞ்சினியரிடம் சொல்லத் தெரிந்த ஆள் வேண்டும். பையன் அதைக் கற்றுக்கொள்ள ஒரு வருஷம் ஆகும், அணிக்கோ ஒரு வருஷம் தாங்கப் பணமில்லை. கேடிலாக்காரர்களும் இந்தக் கணக்கைத்தான் போட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். அதில் இரக்கம் ஒன்றும் கிடையாது.

மெல்போர்னில் பட்டன் முதல், பாரிக்கெல்லோ இரண்டு. ஆகஸ்டில் வலென்சியாவில் வென்றார், 37 வயதில். ஐந்து வருஷமாக ஒரு வெற்றியும் இல்லாதவர். பிரேசிலுக்கு அது நூறாவது ஃபார்முலா 1 வெற்றி. அடுத்த மாதம் மோன்சாவிலும் வென்றார். நடுவில் ஜெர்மனியில் உத்தி சொதப்பியதற்காக அணியை மைக் முன்னாலேயே திட்டித் தீர்த்தார், அது வேறு.

சரி, உங்கள் 'இளைஞர்கள்' கணக்குக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் இந்த இடத்தில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

2010-இல் பாரிக்கெல்லோ வில்லியம்ஸுக்குப் போனார். கூட ஓட்டியவர் நிகோ ஹுல்கன்பெர்க், 23 வயது, முதல் வருஷம். நவம்பரில் பிரேசிலில், ஈரம் காய்ந்துகொண்டிருந்த ஓடுதளத்தில், தகுதிச் சுற்றில் அந்தப் பையன் எல்லோரையும்விட ஒரு வினாடிக்கு மேல் வேகமாக ஓட்டி முதலிடம் பிடித்தான். ஒரு வினாடி என்பது ஃபார்முலா 1-இல் ஒரு மைல். அடுத்த பத்து நாளில் வில்லியம்ஸ் அவனை அனுப்பிவிட்டது. கிழவரை அல்ல, பையனை. அந்த சீட்டுக்கு வந்தவர் பாஸ்டர் மால்டொனாடோ. சும்மா ஆளில்லை, ஃபார்முலா 1-க்கு ஒரு படி கீழே இருந்த ஜிபி2-வில் சாம்பியன், பின்னால் பார்சிலோனாவில் வென்றும் காட்டினார். ஆனால் அவரோடு வெனிசுவேலா அரசு எண்ணெய் நிறுவனத்தின் பணமும் வந்தது. முதல் மூன்று இடத்துக்குள் வந்து மேடை ஏற ஹுல்கன்பெர்க்குக்கு முதன்முதலாக எப்போது வாய்த்தது தெரியுமா? 2025 சில்வர்ஸ்டோனில், 239-ஆவது பந்தயத்தில், 37 வயதில். நடுவில் சீட்டே இல்லாமல் உட்கார்ந்திருந்து திரும்பி வந்தவர். அவரையும் நீங்கள் விலகச் சொல்லியிருப்பீர்கள்.

2011 கடைசி. பாரிக்கெல்லோவுக்கு 39 வயது, ஓட்டிய பந்தயங்கள் 322, அன்றைக்கு அதுதான் சாதனை. கடைசிப் பந்தயம் சொந்த ஊரான சாவோ பாவ்லோவின் இன்டர்லாகோஸில். பதினான்காவதாக வந்தார். விடைபெறும் விழா எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. அடுத்த வருஷமும் ஓட்டுவோம் என்றிருக்கிறவர் எதற்கு விடைபெற வேண்டும்? 2012 ஜனவரி 17 அன்று வில்லியம்ஸ் அறிவித்தது: மால்டொனாடோவுடன் ஓட்டப்போவது புருனோ சென்னா. மூன்று வருஷம் முன்னால் இவருடைய சீட்டுக்கு ஓட்டவிட்டுப் பார்த்த அதே பையன், இப்போது 28 வயது, கூடவே பிரேசில் விளம்பரதாரர்கள். பாரிக்கெல்லோ ட்விட்டரில் புருனோவுக்கு வாழ்த்துச் சொன்னார்.

புருனோவுக்கு வழிவிட்டாயிற்று அல்லவா? அவர் எத்தனை நாள் இருந்தார்? ஒரே வருஷம். அதிலும் பல வெள்ளிக்கிழமைகளில் காலைப் பயிற்சிக்குத் தன் காரை ஒரு ஃபின்லாந்துப் பையனுக்குக் கொடுத்துவிட்டுச் சுவரோரம் நிற்க வேண்டியிருந்தது. 2013-இல் சீட்டே அந்தப் பையனுக்குப் போய்விட்டது. அந்தப் பையன்தான் உங்கள் வால்டேரி போட்டாஸ். பத்துப் பந்தயம் வென்று, கடைசியில் சாபரில் தன் சீட்டை இழந்தபோது அதற்கு வந்தவர் காப்ரியல் போர்டொலெட்டோ, ஒரு பிரேசில்காரப் பையன். இதில் யார் யாருக்கு வழிவிட்டார்கள், சொல்லுங்கள். பேருந்தில் எழுந்து இடம் கொடுக்கிற மாதிரி நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். எழுந்ததும் உட்காருகிறவர் நீங்கள் நினைத்த ஆளாக இருப்பதில்லை. பல சமயம் மடியில் பணப்பெட்டி வைத்திருப்பவர்.

அப்புறம் ஒன்று. நரேனும் ஜோர்டனுக்குப் பிறகு அடுத்த ஃபார்முலா 1 ரேஸ் சீட்டுக்கு 2011 வரை காத்திருந்தார். கிடைத்தது எச்ஆர்டி, வரிசையின் கடைசியில் நிற்கிற கார். அதையும் பாதி வருஷத்தில் டேனியல் ரிக்கார்டோ என்ற பையனுக்குக் கொடுக்கச் சொன்னார்கள். நரேன் அப்போது கௌரவமாகக் கோவைக்குத் திரும்பியிருந்தால், அக்டோபரில் கிரேட்டர் நொய்டாவில் நடந்த இந்தியப் பந்தயத்தில் யாருக்காக விசிலடித்திருப்பீர்கள்? பதின்மூன்று வயதில் நீங்களும் டிவி முன்னால் கத்தியிருப்பீர்கள்தானே.

வாசலில் போய் நிற்பது என்று எழுதியிருக்கிறீர்கள். நான் நின்றிருக்கிறேன், மாமாவோடு. அவருடைய முதலாளி செத்துப்போய், மகன்கள் வண்டிகளை விற்றுவிட்டார்கள். மாமாவுக்கு 58 வயது. காலையில் ஐந்தரைக்கே குளித்து, திருநீறு பூசி, லைசென்ஸைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு லாரி ஆபீஸ்களுக்குப் போவார். லீவுக்குப் போயிருந்த நான் ஒரு நாள் கூடப் போனேன். அங்கே மேஜைக்குப் பின்னால் என் வயதுப் பையன் ஒருவன். "வாங்க மாமா, உக்காருங்க" என்று டீ சொன்னான். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. "வண்டி வந்தா சொல்லி அனுப்பறனுங்க மாமா. உங்களுக்கும் வயசாச்சு, வூட்டுல பேரப்புள்ளைகளப் பாத்துட்டு நிம்மதியா இருக்கலாமுங்கல்ல?" மாமா டீயைப் பாதியில் வைத்துவிட்டு, வெளியே நின்ற வண்டியின் டயரைக் குனிந்து தடவிப் பார்த்தார். "முன்னாடி இடது பக்கம் உள்ளாற தேயுது, அலைன்மென்ட் பாக்கச் சொல்லு" என்று அந்தப் பையனிடம் சொல்லிவிட்டு நடந்தார். எனக்குக் கூசியது. இப்போது யோசித்தால் என் கூச்சம்தான் கூச வைக்கிறது. உங்கள் கடிதத்தைப் படித்தபோது மேஜைக்குப் பின்னாலிருந்த அந்தப் பையனின் குரல்தான் கேட்டது. கெட்ட பையன் இல்லை, நீங்களும் இல்லை.

பாரிக்கெல்லோ வீட்டுக்குப் போகவில்லை. நண்பர் டோனி கானான் இருந்த கேவி அணியில் சேர்ந்து அமெரிக்காவில் இண்டிகார் ஓட்டினார். நீள்வட்ட ஓடுதளங்களில் ஓட்ட மாட்டேன் என்று மனைவிக்குக் கொடுத்த வாக்கை, மனைவியிடமே கேட்டுத் திரும்ப வாங்கினார். இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில் பதினொன்றாவதாக வந்தார். அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம் என்ற விருதும் கொடுத்தார்கள். நாற்பது வயது முடிந்து நாலே நாள் ஆகியிருந்தது. பிறகு பிரேசில் ஸ்டாக் கார் பந்தயத்தில் 2014-இல் சாம்பியன், 2022-இல் ஐம்பது வயதில் மறுபடி சாம்பியன்.

மாமாவுக்கு லாரி கிடைக்கவில்லை. ஆறேழு மாதம் கழித்து ஒரு தண்ணி லாரி கிடைத்தது. கிணற்றிலிருந்து காலனிக்கு, காலனியிலிருந்து கிணற்றுக்கு, நாலு கிலோமீட்டர். கல்கத்தா போய்வந்த ஆள். முதல் நாள் காலை டேங்கரைக் கழுவி, ஸ்டியரிங்குக்குப் பொட்டு வைத்து, முன்சக்கரம் இரண்டுக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். கிளீனர் கிடையாது. அதனால் அவரே இறங்கி வந்து பழம் நடுவில் இருக்கிறதா என்று குனிந்து பார்த்து, கொஞ்சம் நகர்த்திவைத்து, மறுபடி ஏறி உட்கார்ந்து, ரிவர்ஸ் கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பிக்கொண்டார்.