பாலைவனத்தில் பிழைக்கும் கள்ளி திருகோணமலையில் ஏன் அழுகுகிறது?

கேள்வி இதுதான்: "பாலைவனத்தில் தண்ணீரே இல்லாமல் கள்ளி எப்படி உயிரோடு இருக்கிறது? அவ்வளவு தாக்குப்பிடிக்கிற செடி திருகோணமலையில் எங்கள் வீட்டுச் சாடியில் ஏன் அழுகிப்போகிறது?"

உங்கள் செடி மார்கழி மாதத்தில் அழுகியிருக்கும். வாங்கும்போது இருந்த தும்புத்தூளோடு அப்படியே முற்றத்தில் வைத்திருப்பீர்கள். அப்படியென்றால் இந்தப் பதில் உங்களுக்கானது.

முதலில், "தண்ணீரே இல்லாமல்" என்பது பிழை. அமெரிக்காவின் சொனோரன் பாலைவனத்தில் உள்ள டூசான் நகரில் வருடத்துக்கு ஏறத்தாழ 300 மில்லிமீற்றர் மழை விழுகிறது. திருகோணமலையில் 1,500க்கு மேல், அதுவும் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரி வரை கொட்டித் தீர்க்கிறது. கள்ளி அந்த 300ஐ வேகமாகக் குடித்து மெதுவாகச் செலவழிக்கிற செடி. சகுவாரோ என்ற பெருங்கள்ளி 12 மீற்றர் உயரம் வளரும். ஆனால் அதன் வேர்களில் பெரும்பாலானவை மேல்மண்ணில் ஒரு சாண் ஆழத்துக்குள்ளேயே, மரத்தின் உயரம் எவ்வளவோ அவ்வளவு தூரம் சுற்றிவரப் பரவியிருக்கும். மழை பெய்து நிலம் நனைந்தவுடன் மெல்லிய புதுவேர்கள் விடும். மண் காய்ந்ததும் அவை உதிர்ந்துவிடும். தண்டில் உள்ள மடிப்புகள் ஆர்மோனியத் துருத்தி மாதிரி. குடித்தால் விரியும், வற்றினால் சுருங்கும், தோல் வெடிக்காது. உள்ளே தண்ணீர் வெண்டிக்காய்ப் பசை போன்ற வழுவழுப்பில் பிடிபட்டிருப்பதால் இலகுவில் ஆவியாகாது.

செலவைக் குறைக்கிற வித்தை இரவில் நடக்கிறது. மற்றச் செடிகள் பகலில் இலைவாய்களை, அதாவது வாயு போய்வரும் நுண்துளைகளை, திறந்து காபனீரொட்சைட்டை எடுக்கும்போது உள்ளிருக்கும் நீரும் பறந்துவிடும். ஒரு கிராம் காபனீரொட்சைட்டுக்கு 400 முதல் 500 கிராம் நீர் போகும். கள்ளி இரவில் திறந்து, எடுத்த வாயுவை மலிக்கமிலம் என்ற புளிப்பு அமிலமாக்கிச் சேர்த்து வைத்து, விடிந்ததும் வாயை மூடிக்கொண்டு அந்த அமிலத்தை வைத்தே ஒளித்தொகுப்பைச் செய்கிறது. அதனால் செலவு 50 முதல் 100 கிராமோடு நின்றுவிடும். இலையோரத்தில் குட்டி முளைக்கிற ரணகள்ளியும் இதே வித்தையைத்தான் செய்கிறது. அதன் இலை காலையில் புளிக்கிறது, மதியம் சப்பென்று இருக்கிறது என்று இந்தியாவில் பணியாற்றிய பெஞ்சமின் ஹெய்ன் கண்டு எழுதியது 1815இல் அச்சாகியது. காலைப் புளிப்பு, இரவில் சேர்ந்த அமிலம்.

இந்த வித்தைக்கு இரவு குளிர வேண்டும். பாலைவனத்தில் குளிரும். எங்கள் ஊரில் இரவு வெப்பம் 24, 25 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. புழுக்கமான இரவில் பல கள்ளிகள் இலைவாயைக் குறைவாகத்தான் திறக்கும், வளர்ச்சி மந்தமாகும். செடி சோர்ந்து நிற்கிறதே என்று நாங்கள் தண்ணீர் ஊற்றுவோம். வளராத செடியின் வேர் குடிக்காது, ஈரத்தில் மூச்சுமுட்டிச் செத்துப்போகும். பூஞ்சணம் அதற்குப் பிறகு வருவது.

செடி நூல் படித்தவர்கள் பிழை பிடிக்குமுன் ஒன்று சொல்லிவிடுகிறேன். இதுவரை நான் பாலைவனக் கள்ளி என்றது கக்ரஸ் (cactus) குடும்பத்தை. வேலியில் நிற்கும் சதுரக்கள்ளி கக்ரஸ் இனமே இல்லை. கீறினால் பால் வரும். அந்தப் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. உடனே ஓடும் தண்ணீரில் கால் மணித்தியாலம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நாகதாளி அமெரிக்காவிலிருந்து வந்த உண்மையான கக்ரஸ். முள் முளைக்கிற இடத்தைக் கிட்டப் பாருங்கள், பஞ்சு வைத்த மாதிரி ஒரு பொட்டு இருக்கும். அந்தப் பொட்டு கக்ரஸ் குடும்பத்துக்கு மட்டுமே உரியது. இளம் மடலில் அந்தப் பொட்டுக்குக் கீழே அரிசியளவில் கூரான பச்சை இலைகூட இருக்கும். கொஞ்ச நாளில் உதிர்ந்துவிடும். முள்ளும் இலையின் மாற்றுருவம்தான். மிருகத்தைத் தடுப்பதோடு குருத்துக்கு நிழலும் தருகிறது.

பாலைவனத்தில் எல்லாச் செடியும் சேமிப்பதில்லை. அரிசோனாவில் ஒரு சுரங்கம் தோண்டியபோது கருவேலச் சாதி மரமொன்றின் வேர் 53 மீற்றர் ஆழத்தில் கிடைத்தது. இன்னும் சில, விதையாகவே வருடக்கணக்கில் காத்திருக்கும். நல்ல மழை வந்து முளைப்பைத் தடுக்கிற இரசாயனத்தைக் கழுவிய பிறகுதான் எழும்பும். எங்கள் நிலாவெளிக் கடற்கரை மணலும் வெயில் காலத்தில் சிறு பாலைவனம்தான். அங்கே அடம்பன் கொடி கணுவுக்குக் கணு வேர்விட்டு ஓடுகிறது. இராவணன் மீசைப் புல்லின் இலை சுருண்டு ஊசியாகிவிட்டது. எருக்கலை இலையை விரலால் தேய்த்தால் வெள்ளைப் பூச்சு ஒட்டும், அது கடுவெயிலுக்கான பாதுகாப்பு. கடற்கரையைத் துப்புரவாக்குகிறோம் என்று இந்த அடம்பனையும் மீசைப்புல்லையும் வேரோடு வாரி அள்ளுகிறார்கள். மணலைக் காற்றிலும் அலையிலும் பிடித்து வைத்திருப்பதே அவைதான். கேள்விக்குத் தொடர்பில்லாததுதான், ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

இனி உங்கள் சாடி. தும்புத்தூளை வேரிலிருந்து முழுதாக உதறுங்கள். நனைந்தால் கிழமைக்கணக்கில் காயாது. பருமணல் 2 பங்கு, உடைத்த ஓடு அல்லது செங்கல் துண்டு 1 பங்கு, நன்றாக உக்கிய எரு 1 பங்கு. ஓட்டுத் துண்டு பயறளவு இருக்கட்டும், அரிதட்டில் கீழே விழுகிற தூளை எறியுங்கள். கடல்மணல் வேண்டாம், உப்பும் இருக்கும், இறுகியும் போகும். கலவையில் ஒரு கிளாஸ் தண்ணீர் ஊற்றினால் பத்து விநாடிக்குள் அடித்துளையால் வர வேண்டும். கச்சான் காற்று வீசும் வறண்ட மாதங்களில் ஈர்க்கை அடிவரை குத்தி எடுத்து, மண் ஒட்டாமல் வந்தால் மட்டும், பொழுதுபட்ட பிறகு நிறைய ஊற்றுங்கள். ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை மழைபடாத, வெளிச்சமுள்ள விறாந்தையில் வையுங்கள். தண்ணீர் மாதத்துக்கு ஒருமுறைகூடத் தேவைப்படாது. மழை விட்டதும் நேரே வெயிலில் வைத்தால் தோல் வெளிறி வெந்துவிடும், இரண்டு கிழமையில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள்.

அடித்தண்டு மண்ணிறமாகிக் கட்டியாக இருந்தால் அது முதுமை, விட்டுவிடலாம். அமத்தினால் குழைந்தால் அழுகல். ஸ்பிரிட்டில் துடைத்த கத்தியால் மேல்நோக்கிச் சீவிக்கொண்டே போங்கள். வெட்டுமுகத்தின் நடு வளையத்தில் ஒரு செம்புள்ளிகூட இருக்கக் கூடாது. இருந்தால் கத்தியைத் திரும்பவும் துடைத்து இன்னொரு துண்டு. சுத்தமான வெட்டில் கந்தகத்தூள் தடவி, நிழலில் பத்து நாள், மாரியென்றால் அதைவிடக் கூட, தோல் கட்டும்வரை காயவிட்டு, உலர்ந்த கலவையின்மேல் நிறுத்துங்கள். வேர் வரும்வரை தண்ணீர் வேண்டாம். மெதுவாக அசைத்துப் பார்த்து, செடி மண்ணைப் பிடித்துக்கொண்டு நின்றால் அன்றைக்கு முதல் தண்ணீர்.