எந்த அணி என்று கேட்பார்கள்

தம்பி, மெல்பர்ன் வந்து நான்கு மாதம் ஆகிறது, வேலையில் சிக்கல் இல்லை, ஆனால் மதியச் சாப்பாட்டு மேஜையில் எல்லோரும் சிரிக்கும்போது எதற்கென்று தெரியாமல் டப்பாவைத் திறந்துவைத்து உட்கார்ந்திருக்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் ஆங்கிலம் போதவில்லையோ என்ற சந்தேகம் வேறு உங்களுக்கு. ஆங்கிலம் காரணமில்லை. 2008இல் வந்த புதிதில் நானும் இப்படித் தயிர்சாதத்தைக் கிளறிக்கொண்டிருந்தவன்தான். அவர்கள் பேச்சு ஃபுட்டி என்கிற ஆஸ்திரேலியக் கால்பந்து, மழை, எதை எவ்வளவு மலிவாக வாங்கினோம், அரசாங்கம் என்று இந்த நாலுக்குள்ளேயே சுற்றும். முதலாவதைப் பிடித்துவிட்டால் மற்றவை தானாக வந்துவிடும்.

கிரிக்கெட் தெரியுமே என்பீர்கள். சரி, ஆனால் அது டிசம்பர் மாதச் சரக்கு. ஊரில் விடியற்காலை 5 மணிக்கு எழுந்து பாக்ஸிங் டே டெஸ்ட் பார்த்தோமே, அதே எம்.சி.ஜி. மைதானம் மார்ச் முதல் செப்டம்பர் வரை ஃபுட்டியின் சொத்து. முட்டை வடிவப் பந்து, முட்டை வடிவ மைதானம், பக்கத்துக்கு 18 பேர், முனைக்கு நான்கு கம்பங்கள். நடுவில் இருக்கும் இரண்டு உயரக் கம்பங்களுக்கு இடையே உதைத்தால் கோல், 6 புள்ளி. உயரக் கம்பத்துக்கும் ஓரக் கம்பத்துக்கும் இடையே போனால் 'பிஹைண்ட்', 1 புள்ளி. குறி தப்பினாலும் கொஞ்சம் கூலி உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கூலியை இளப்பமாக நினைக்க வேண்டாம். 2023 இறுதிப் போட்டியில் பிரிஸ்பேன் அடித்தது 13 கோல், 8 பிஹைண்ட். காலிங்வுட் 12 கோல், 18 பிஹைண்ட். கூட்டிப் பாருங்கள், 86க்கு 90. கோல் அதிகம் அடித்தவர்கள் தோற்றுப்போனார்கள்! இதை ஒருமுறை மேஜையில் எடுத்துவிடுங்கள், அரைமணி நேரம் அவர்களே பேசிக்கொள்வார்கள்.

உங்கள் ஆபீஸில் 'டிப்பிங்' நடக்கும். வாராவாரம் எந்த அணி ஜெயிக்கும் என்று ஒவ்வொருவரும் குறித்துக் கொடுப்பது. கூப்பிட்டால் மறுக்காதீர்கள். ஒன்றுமே தெரியாத முதல் வருஷம், சொந்த மண்ணில் ஆடும் அணியையே எல்லா ஆட்டத்துக்கும் குறித்துக் கொடுத்து நான் மூன்றாவதாக வந்தேன். இருபது வருஷமாகப் பார்ப்பவர்களெல்லாம் எனக்குப் பின்னால். என் பெயர் அன்றுதான் அவர்கள் வாயில் சரியாக நுழைந்தது.

அப்புறம், உங்களுக்கென்று ஓர் அணி வேண்டும். ஜெயிக்கிற அணியாகப் பார்த்துப் பிடித்தால் மதிப்பு இருக்காது. நான் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. மெல்பர்னின் மேற்கே ஃபுட்ஸ்க்ரே என்ற பகுதியில் வியட்நாமியக் கடைகளுக்குப் பின்னால் ஒரு யூனிட்டில் வாடகைக்கு இருந்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் மால்டாக்காரர். குப்பைத் தொட்டியைத் தெருவுக்கு இழுத்துப்போன ஒரு மாலையில், பெயரைக்கூடக் கேட்காமல், "நீ எந்த அணி?" என்றார். முழித்தேன். "ஃபுட்ஸ்க்ரேயில் இருந்துகொண்டு வேறு என்ன, புல்டாக்ஸ்தான்" என்று அவரே முடிவு செய்துவிட்டார்.

அவர் 1953இல் ஏழு வயதில் அப்பா அம்மாவோடு கப்பலில் வந்தவர். வந்தபோது ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை தெரியாதாம். அடுத்த வருஷமே ஃபுட்ஸ்க்ரே அணி கோப்பையை வென்றது. தெருவே கூத்தாடியதில் இவரும் ஆடியிருக்கிறார். வருஷாவருஷம் இப்படித்தான் நடக்கும்போல என்று நினைத்துக்கொண்டாராம் பாவம். அதற்குப் பிறகு கோப்பை வரவே இல்லை. அணியின் பெயர் வெஸ்டர்ன் புல்டாக்ஸ் என்று மாறியது, தெருவில் கடைகள் மாறின, அவர் மனைவியும் போய்ச் சேர்ந்தார். கோப்பை மட்டும் வரவில்லை. கடைசியில் 2016 இறுதிப் போட்டியில் சிட்னியை 22 புள்ளியில் ஜெயித்தார்கள், 62 வருஷத்துக்குப் பிறகு. அவர் வீட்டு சோபாவில் உட்கார்ந்து இரண்டு பேரும் பார்த்தோம். கடைசிச் சங்கு ஊதியதும் அவர் எழுந்து நேராகச் சமையலறைக்குப் போனார். தண்ணீர் குழாய் ரொம்ப நேரம் ஓடிக்கொண்டே இருந்தது. நான் உள்ளே போகவில்லை.

மழைப் பேச்சு எளிது. இந்த ஊரில் காலையில் ஸ்வெட்டர், மதியம் சட்டை, சாயங்காலம் குடை. போனில் மழை ராடார் பார்க்கப் பழகுங்கள். "நாலு மணிக்கு ஒரு மேகம் வருது" என்று சொன்னால் போதும், துணி காயப்போட்டவர்கள் அத்தனை பேரும் உங்கள் பக்கம். போன் என்றதும் ஒரு எச்சரிக்கை. டோல் பாக்கி, உடனே கட்டு என்று குறுஞ்செய்தி வந்தால் அதிலுள்ள இணைப்பைத் தொடாதீர்கள். நான் அட்டை எண்ணில் பாதியைத் தட்டிய பிறகுதான், அந்த வாரம் முழுக்க ரயிலில் போனது ஞாபகம் வந்தது.

கடைப் பேச்சில் ஒரு தலைகீழ் விஷயம் இருக்கிறது. நம் ஊரில் புடவை நன்றாக இருக்கிறது என்றால் விலையைக் கொஞ்சம் ஏற்றிச் சொல்வோம். இங்கே சட்டையைப் பாராட்டினால், "கேமார்ட், 12 டாலர்" என்று நெஞ்சை நிமிர்த்துவார்கள். ஆல்டி சூப்பர்மார்க்கெட்டின் நடு வரிசையில் புதனும் சனியும் புதுச் சாமான் இறங்கும். பால் வாங்கப் போனவர் பனிச்சறுக்குக் கோட்டோடு திரும்பிய கதை எல்லோரிடமும் உண்டு. அங்கே தள்ளுவண்டியின் பூட்டைத் திறக்க ஒரு டாலரோ இரண்டு டாலரோ நாணயம் வைத்திருங்கள்.

அரசியல்தான் நீங்கள் பயப்படும் இடம். யாருக்கு ஓட்டுப் போட்டாய் என்று கேட்காதீர்கள். எல்லாக் கட்சியையும் திட்டுவார்கள், கூடவே தலையாட்டினால் போதும். குடியுரிமை வந்ததும் உங்களுக்கும் ஓட்டு கட்டாயம். மத்தியத் தேர்தலில் தகுந்த காரணமில்லாமல் போடாவிட்டால் 20 டாலர் அபராதம். தேர்தல் நாள் எப்போதும் சனிக்கிழமைதான். நான் முதலில் போட்டது 2013இல். செனட் என்கிற மேலவைக்கான வாக்குச் சீட்டு ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலம், எழுத்துகள் எறும்பு அளவு, படிக்க உருப்பெருக்கித் தாள் வேறு. தேறாத கட்சியின் வாக்கு அடுத்து யாருக்குப் போகும் என்று கட்சிகள் தங்களுக்குள் செய்துகொண்ட விருப்ப வாக்குப் பரிமாற்றத்தில், 0.51 சதவீத முதல் விருப்ப வாக்கு வாங்கிய மோட்டார் ஆர்வலர் கட்சிக்காரர் ரிக்கி முயர் விக்டோரியாவின் செனட்டர் ஆகிவிட்டார். 2016இல் அந்த விதியையே மாற்றினார்கள். இதற்கும் மேஜையில் நல்ல வரவேற்பு இருக்கும்.

வாக்குச்சாவடி வாசலில் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் ரொட்டியில் சாசேஜ் சுருட்டி விற்பார்கள். அதைத் தின்ன ஓட்டுரிமை வேண்டாம், நீங்கள் இப்போதே போகலாம். சைவமென்றால் ரொட்டியும் வதக்கிய வெங்காயமும். வெங்காயத்தைச் சாசேஜுக்கு மேலே வைப்பதா கீழே வைப்பதா என்றொரு சண்டை உண்டு. வெங்காயம் தரையில் விழுந்து யாராவது வழுக்கிவிடக்கூடாது என்று 2018இல், வாசலில் இதே சாசேஜ் விற்கும் பன்னிங்ஸ் என்ற வீட்டுச் சாமான் கடைக்காரர்கள் வெங்காயம் அடியில்தான் என்று சொல்லப்போக, நாடே இரண்டாகப் பிரிந்தது. நான் மேலே கட்சி.

ஒரு சனிக்கிழமை ஆட்டத்துக்கு வருவதானால் சொல்லுங்கள். சிவப்பு, வெள்ளை, நீலத்தில் என்னிடம் ஒரு மஃப்ளர் கூடுதலாக இருக்கிறது, பெரியவர் கொடுத்தது. அதற்குள் ஆபீஸில் யாராவது மடக்கிக் கேட்டால் வாய்க்கு வந்த அணியைச் சொல்லிச் சமாளியுங்கள். காலிங்வுட் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அப்புறம் நான் மஃப்ளர் தரமாட்டேன்.