கோல் குறைந்தது யாரால்?

அண்ணா, வணக்கங்க.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறேன். எங்கள் செட்டில் நாலைந்து பேர் இங்கிலாந்து ஃபுட்பால் டீம் ஆர்சனலின் ரசிகர்கள். போன ஞாயிற்றுக்கிழமை பெரிய வாக்குவாதம். 2012இல் ஸ்டீவ் போல்ட் உதவிப் பயிற்சியாளராக வந்த பிறகுதான் ஆர்சனல் டிஃபென்ஸ் உருப்பட்டது, முந்தின சீசனில் லீக்கில் 49 கோல் வாங்கிய டீம் அவர் வந்ததும் 37தான் வாங்கியது என்பது என் கட்சி. மேனேஜர் வெங்கர் இருக்கும்போது அசிஸ்டென்ட் என்ன கிழித்துவிட முடியும் என்பது நண்பன் கட்சி. இதை எப்படித்தான் அளப்பது? எங்கள் ஏரியா டீமுக்கும் டிஃபென்ஸ் மட்டும் பார்த்துக்கொள்ள இப்போது ஒரு அண்ணன் வந்திருக்கிறார். அவரால் பிரயோஜனம் உண்டா என்று எதை வைத்துச் சொல்வது?

பெயர் வேண்டாம்,
திருப்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் இரண்டு எண்களும் சரி. ஆனால் அந்த 49க்குள் ஒரே நாளில் வாங்கிய 8 இருக்கிறது. 2011 ஆகஸ்ட் 28, ஓல்ட் டிராஃபோர்டில் மான்செஸ்டர் யுனைடெட்டிடம் 8-2. காயம், தடை என்று முக்கியமான பலர் வெளியே. டிஃபெண்டர் மெர்டசாக்கரை வாங்கியதே அதற்கு மூன்று நாள் கழித்துத்தான். அந்த ஆட்டத்தை மட்டும் தள்ளி வைத்துப் பாருங்கள். மீதி 37 ஆட்டத்தில் 41 கோல், ஆட்டத்துக்கு 1.11.

இப்போது போல்டின் முதல் சீசன். கடைசி 10 லீக் ஆட்டங்களில் ஆர்சனல் வாங்கியது 5 கோல். அப்படியென்றால் முதல் 28 ஆட்டங்களில் 32. ஆட்டத்துக்கு 1.14. போல்ட் வந்து முக்கால் சீசன் ஓடியும் கணக்கு இருந்த இடத்திலேயே நிற்கிறது. வசதிக்கு ஒரு ஆட்டத்தைக் கழிப்பது போங்கு என்று நீங்கள் சொல்லலாம். சரி, கழிக்க வேண்டாம். 38 ஆட்டத்தில் 49 என்றால் ஆட்டத்துக்கு 1.29. அது 1.14 ஆனது. குறைவுதான், ஆனால் ஊரைக் கூட்டிச் சொல்கிற குறைவா?

அந்தக் கடைசிப் பத்தில் என்ன நடந்தது என்பதுதான் சுவாரசியம். 2013 மார்ச் 3 அன்று டாட்டன்ஹாமிடம் 2-1 என்று தோற்ற பிறகு, வெங்கர் கேப்டன் வெர்மாலனையே உட்கார வைத்துவிட்டு கோசியெல்னியையும் மெர்டசாக்கரையும் ஜோடியாக இறக்கினார். சில ஆட்டங்களுக்குக் கோல் கீப்பரும் மாறினார். பத்து நாளில் மியூனிக்கில் போய் ஜெர்மன் டீம் பயர்னை 2-0 என்று ஜெயித்தார்கள். அப்புறம் லீக்கில் தோல்வியே இல்லை. ஒருவர் முன்னேறிப் பந்தைப் பறிப்பவர், இன்னொருவர் பின்னால் நின்று இடத்தைக் காப்பவர். வேகமில்லாத மெர்டசாக்கருக்கு அந்த ஜோடி கச்சிதமாகப் பொருந்தியது. அந்த யோசனையைப் போல்ட் காதில் ஓதியிருக்கலாம். ஆனாலும் கேப்டனை உட்கார வைக்கிற அதிகாரம் மேனேஜருக்குத்தான். உங்கள் நண்பர் கட்சிக்கு இந்த அளவுக்கு நியாயம் உண்டு.

பின்னே ஏன் எல்லோரும் போல்ட் பெயரைச் சொன்னார்கள்? கதை முன்னாலேயே தயாராக இருந்தது. முன்பு ஆர்சனல் மேனேஜராக இருந்த ஜார்ஜ் கிரஹாமின் டீமில் ஆடியவர் போல்ட். 1990-91இல் 38 ஆட்டத்தில் 18 கோல் மட்டுமே வாங்கி லீக்கை ஜெயித்த டிஃபென்ஸ் அது. அவர் அசிஸ்டென்ட் ஆன சீசனில் முதல் மூன்று லீக் ஆட்டத்திலும் ஆர்சனல் கோல் வாங்கவில்லை. பத்திரிகைகளுக்கு வேறென்ன வேண்டும்! அந்த மூன்றில் இரண்டில் ஆர்சனலும் கோல் அடிக்கவில்லை. அதற்காக யாரும் போல்டைத் திட்டவில்லை. அதே போல்ட் இருக்கும்போதுதான் 2017-18இல் 51 கோல். வெங்கர் போய் எமெரி வந்த அடுத்த சீசனிலும், போல்ட் கூட இருக்க, அதே 51. 37க்கு அவர் காரணம் என்றால் 51ஐ யார் கணக்கில் எழுதுவீர்கள்?

இன்னொரு ஆர்சனல் உதாரணம். 2005-06 சாம்பியன்ஸ் லீக்கில் தொடர்ந்து 10 ஆட்டங்களில் கோலே வாங்கவில்லை. அப்போது டிஃபெண்டர்களோடு வேலை செய்துகொண்டிருந்த மார்ட்டின் கியோனுக்குப் பாராட்டு குவிந்தது. அதே சீசன் லீக்கில் அதே டீம் 11 ஆட்டம் தோற்றது. அரையிறுதிக் கடைசியில் எதிரணி ரிக்கெல்மேயின் பெனால்டியை ஆர்சனல் கீப்பர் லேமன் தடுக்காமல் இருந்திருந்தால் அந்தப் பத்தும் இல்லை.

உங்கள் செக்கிங் டேபிளுக்குப் புது ஆள் வந்த மாதம் ரிஜெக்ட் குறைந்தால், நூல் மாறியதா, ஆர்டர் சின்னதா என்று கேட்காமல் அவருக்கு மாலை போடுவீர்களா? அதே கேள்விதான் இங்கேயும்.

மொத்தக் கோல் கணக்கு டீம் ஆடுகிற பாணியையும் பொறுத்தது. நம் கோவை நேரு ஸ்டேடியத்தைச் சொந்த மைதானமாக வைத்து ஆடிய சென்னை சிட்டி, 2018-19இல் ஐ-லீக்கை ஜெயித்தது. வாங்கிய கோல் 28. ஒரே ஒரு புள்ளியில் கோப்பையை விட்ட ஈஸ்ட் பெங்கால் வாங்கியது 20. பயிற்சியாளர் அக்பர் நவாஸின் சென்னை சிட்டி ஏறி ஆடுகிற டீம், 48 அடித்தது, பின்னால் இடம் விடத்தான் செய்யும். கோப்பையை முடிவு செய்த மினர்வா ஆட்டத்தில் மூன்றாவது நிமிடமே ஒரு கோல் வாங்கி, அப்புறம் 3-1 என்று ஜெயித்தார்கள். அதில் இரண்டு கோல் டிஃபெண்டர் கௌரவ் போரா அடித்தது. இதை எந்த அசிஸ்டென்டின் பேரேட்டில் ஏற்றுவது?

அப்படியானால் எதைப் பார்ப்பது? முதலில் டிவியை விடுங்கள். கேமரா பந்துக்குப் பின்னாலேயே ஓடும், டிஃபென்ஸ் பாதி நேரம் படத்திலேயே இருக்காது. கேலரியில் உயரமாக உட்கார்ந்து, பந்து இடது ஓரம் போகும்போது வலது பேக்கை, அதாவது வலது ஓர டிஃபெண்டரை, மட்டும் பாருங்கள். அவர் உள்ளே நெருங்கி வருகிறாரா? வரும்போது ஒரு தடவையாவது தோளுக்குப் பின்னால் திரும்பி, தன் முதுகுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கிறாரா? பந்தையே பார்த்துக்கொண்டு நிற்பவரைப் பழக்கி அப்படித் திரும்ப வைக்க மாதக்கணக்கில் கத்த வேண்டும். அது பயிற்சியாளர் கைவேலை. கார்னரும் ஃப்ரீ கிக்கும் அப்படித்தான். யார் எங்கே நிற்பது, முதல் போஸ்ட்டை யார் பிடிப்பது என்பதெல்லாம் முன்கூட்டியே சொல்லிக்கொடுத்து வருவது. கீப்பர் கைநழுவ விட்ட கோலில் அந்த அண்ணனுக்குப் பங்கில்லை.

ஆகவே உங்கள் ஏரியா டீமுக்கு ஒரு நோட்டு போடுங்கள். ஒவ்வொரு கோலும் எப்படி வந்தது, அன்று பின்னால் ஆடிய நாலு பேர் யார் யார், உங்கள் பெனால்டி பெட்டிக்குள்ளிருந்து எதிரணி எத்தனை தடவை அடித்தது, இவ்வளவு போதும். கோல் எண்ணிக்கையைவிட அந்தக் கடைசிக் கணக்கு சீக்கிரம் பேசும், ஏனென்றால் கோல் அபூர்வம், ஷாட் அப்படியில்லை. அவர் வருவதற்கு முந்தைய ஆட்டங்களின் செல்போன் வீடியோ இருந்தால் அதையும் எண்ணி எழுதுங்கள். ஆடி மாத ஆட்டங்களை மட்டும் தனிப் பக்கத்தில் வையுங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றில் உங்கள் பக்கத்துக் கோல் கிக்கே பாதி வழியில் திரும்பி வரும். அதில் வாங்கிய கோலை அண்ணன் தலையில் கட்டாதீர்கள்.