உங்களுக்கு மிகவும் பிடித்த மென்பொருள் எது? பழைய இணையத்தில் எது இன்னும் நினைவில் நிற்கிறது?

யோசிக்காமல் சொல்வேன்: தமிழ் தட்டச்சு செய்ய உதவும் முரசு அஞ்சல். அதற்கடுத்து கோப்புகளை இறக்கித் தரும் பிளாஷ்கெட், அப்புறம் எழுத்துரு மாற்றிகள். பாட்டுக் கேட்க வின்ஆம்ப், அரட்டைக்கு ஐசிக்யூ என்று எல்லாரும் சொல்லும் பெயர்கள் எனக்கும் பிடித்தவைதான். ஆனால் என் வாழ்க்கையில் ஒரு கதவைத் திறந்துவிட்டவை இந்த மூன்றும்.

நான் மலேசியாவில், பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் பக்கம் வளர்ந்தவன். சுற்றிலும் ரப்பர், செம்பனைத் தோட்டங்கள். ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளி, பிறகு மலாய் மொழியில் இடைநிலைப்பள்ளி. தோட்டத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் இப்படித்தான் படித்தோம். தமிழ் எழுத வரும், ஆனால் எழுதியது நோட்டுப் புத்தகத்தைத் தாண்டாது. மாரியம்மன் கோயில் திருவிழா நோட்டீஸ் அடிக்க வேண்டும் என்றால் கையால் எழுதி ஈப்போவில் அச்சகத்துக்குக் கொடுப்பார்கள். பிழை திருத்த மறுபடியும் பஸ் ஏற வேண்டும். நன்கொடை கொடுத்தவர் பெயர் ஒன்று விட்டுப்போனால் ஊரே பேசும்.

அந்தக் காலத்தில்தான் முரசு அஞ்சல் எங்கள் கைக்கு வந்தது. அதை உருவாக்கிய முத்து நெடுமாறன் மலேசியர். 1985-லேயே முரசு மென்பொருள் வேலையைத் தொடங்கியவர். ஆப்பிள் கணினிகளில் வரும் இணைமதி எழுத்துருவும் அவர் வடிவமைத்ததுதான். சாதாரண ஆங்கில விசைப்பலகையில் ஏ, எம், எம், ஏ, ஏ என்று தட்டினால் திரையில் அம்மா வந்து நிற்கும். தட்டச்சு படிக்காத ஒருவன் அன்றைக்கே தமிழ் எழுதலாம். தமிழ்99 விசைப்பலகை இதைவிட வேகமானது, முறையானது. பிற்பாடு நானும் அதற்கு மாறினேன். ஆனாலும் முதல் நாளே எழுத வைத்த அந்த ஒலிபெயர்ப்பு முறைக்கு என் மனதில் தனி இடம் உண்டு.

கடைத்தெருவில் இருந்த சைபர் கஃபேயில் ஒரு சிக்கல். கணினியை அணைத்துத் திறந்தால் நாம் போட்டதெல்லாம் அழிந்துபோகும். தவுக்கே, அதாவது கடை முதலாளி, அப்படி அமைத்து வைத்திருந்தார். அதனால் எழுத்துருக்களைப் பிளாப்பியில் போட்டுச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பேன். 1.44 மெகாபைட்தான், ஆனாலும் எழுத்துருக் கோப்புகள் சிறியவை, பல அடங்கும். பலவும் தேவைப்பட்டன. ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒவ்வொரு எழுத்துரு, அதற்கென்று ஒரு குறியீடு, அதாவது எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற ஏற்பாடு. சரியான எழுத்துரு இல்லையென்றால் அகப்பக்கம் முழுக்கக் கோடும் புள்ளியுமாகக் கிடக்கும். நண்பனுக்குத் தமிழில் மின்னஞ்சல் போடும்போது எழுத்துருவையும் சேர்த்து இணைத்து அனுப்புவோம்.

இணைய இணைப்பு வீட்டில் இருந்தது பெரியப்பாவுக்கு மட்டும். தோட்டத்து ஆபீசில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தவர். மோடம் 1515 என்ற எண்ணைச் சுழற்றிக் கீச்சிட்டு இணையும். 56 கிலோபிட் என்று பெட்டியில் போட்டிருந்தாலும் நடைமுறையில் வினாடிக்கு 4, 5 கிலோபைட் வந்தால் நல்ல நாள். 4 மெகாபைட் பாட்டு ஒன்று இறங்கக் கால் மணி நேரம் ஆகும். அதற்குள் சமையலறையில் பெரியம்மா தொலைபேசியை எடுத்துவிட்டால் இணைப்பு போய்விடும். பிளாஷ்கெட் இல்லாவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

பிளாஷ்கெட் செய்தது எளிய வேலை. எத்தனை பைட் வந்து சேர்ந்திருக்கிறது என்று குறித்து வைத்துக்கொண்டு, மறுபடி இணைந்ததும் இந்த இடத்திலிருந்து மீதியைக் கொடு என்று சர்வரைக் கேட்கும். இணையப் பக்கங்களைக் கேட்டு வாங்கும் விதிமுறையான எச்டிடிபி 1.1-இல் அப்படிக் கேட்க வழி இருந்தது. சர்வர் ஒத்துக்கொண்டால் விட்ட இடத்திலிருந்து தொடரும். மோசமான இணைப்பையே இயல்பான நிலையாக நினைத்துச் செய்த மென்பொருள் அது. இன்றைக்கு வரும் பல செயலிகள் இணைப்பு ஒரு நொடி போனாலே வெள்ளைத் திரையோடு நின்றுவிடுகின்றன. ஊர்ப்புறத்தில் இருப்பவனுக்கு அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

அதில் நான் இறக்கியவற்றில் பெரிய செல்வம் பாட்டுகள் அல்ல, மதுரைத் திட்டத்தின் நூல்கள். 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் தொடங்கிய முயற்சி. பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து, இலவசமாக வெளியிட்டார்கள். வெறும் எழுத்து என்பதால் கோப்பு மிகச் சிறியது. 1330 குறளும் சேர்ந்தாலும் ஒரு சினிமாப் பாட்டில் சின்னப் பங்குகூட வராது. சங்க இலக்கியம் விற்கும் கடை எங்கள் ஊரில் இல்லை. குறுந்தொகையை நான் முதலில் படித்தது பெரியப்பா வீட்டுக் கணினியில்தான். அந்த நூல்களைத் தட்டிக் கொடுத்தவர்களுக்கு இன்றும் நன்றி சொல்கிறேன்.

அப்போது அந்த நூல்கள் டிஸ்கி என்ற குறியீட்டில் இருந்தன. 128-லிருந்து 255 வரையுள்ள இடங்களில் ஆங்கிலத்துக்குப் பக்கத்திலேயே தமிழ் எழுத்துகளை உட்கார வைத்த ஏற்பாடு. எல்லா மொழிகளுக்கும் பொதுவான குறியீடான யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் கொடுத்துவிட்டார்கள். ஆனால் விண்டோஸ் 2000, எக்ஸ்பி வந்த பிறகுதான் சாதாரணக் கணினிகளில் அது ஒழுங்காகத் தெரிந்தது. அதுவரை நாங்கள் எழுதிச் சேர்த்ததெல்லாம் பழைய குறியீட்டில். அதனால்தான் மாற்றிகள் எனக்கு அவ்வளவு முக்கியம். சுரதா என்பவர் செய்த பொங்குதமிழ் மாற்றியில் பழைய உரையை ஒட்டினால் யூனிகோடாக வெளியே வரும். வெறும் எண்ணுக்கு எண் மாற்றுகிற வேலையல்ல இது. டிஸ்கியில் கண்ணுக்குத் தெரிகிற வரிசைதான்: 'கொ' என்றால் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். யூனிகோடில் முதலில் க, அதற்குப் பிறகு ஒகரக் குறி. ஆகவே மாற்றி ஒவ்வொரு கொம்பையும் கண்டுபிடித்து, பின்னால் கால் வருகிறதா என்று பார்த்து, இடம் மாற்றி வைக்க வேண்டும். இப்படி ஒரு கருவியைச் செய்து எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டவர்கள் ஒரு தலைமுறையின் எழுத்தைக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

மற்றவை சுருக்கமாக. அரட்டைக்கு இருந்த யாகூ மெசஞ்சர் 2018-இல் நின்றது. இலவசமாகப் பக்கம் வைக்க இடம் தந்த ஜியோசிட்டீஸ் 2009-இல் மூடப்பட்டது. நோட்பேடில் எச்டிஎம்எல் எழுதி அங்கே நான் ஏற்றிய பக்கமும் அதோடு போயிற்று. அந்தக் காலத்துப் பக்கங்களில் எனக்குப் பிடித்தது, மூலத்தைத் திறந்து பார்த்தால் எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று புரியும். நான் கற்றுக்கொண்டதே அப்படித்தான். இன்று பழையதைத் தேட இணையக் காப்பகத்தின் வேபேக் மெஷின் இருக்கிறது, 1996 முதலான பக்கங்களோடு. நான் மாதாமாதம் தவறாமல் போகும் இடம். கைத்தொலைபேசியில் தமிழ் தட்டச்சு செய்யச் செல்லினம். அதுவும் முத்து நெடுமாறன் கொடுத்ததுதான், 2005 பொங்கலில் வந்தது. கோயில் நோட்டீஸை இப்போது அதிலேயே அடித்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுத் திருத்திவிடுகிறோம். தோட்டத்தை விட்டு ஷா ஆலம், ஜொகூர் என்று போனவர்களும் பெயரைச் சரிபார்த்துச் சொல்கிறார்கள்.

உங்கள் வீட்டில் பழைய பிளாப்பியோ சிடியோ இருந்தால் தயவுசெய்து இந்த வருடமே திறந்து பாருங்கள். மூலக் கோப்பைத் தொடாமல் ஒரு நகல் எடுங்கள். எந்த எழுத்துருவில் எழுதியது என்று குறித்துக்கொள்ளுங்கள். அது தெரியாமல் மாற்றி வேலை செய்யாது. மாற்றியதை யூனிகோடின் யுடிஎஃப்-8 வகைக் கோப்பாகச் சேமியுங்கள். பிறகு ஔகாரம் வரும் சொற்களை மட்டும் கண்ணால் பாருங்கள். அதன் துணைக்குறியும் ள எழுத்தும் ஒரே மாதிரி தெரிவதால் பலர் ள-வையே தட்டியிருப்பார்கள். திரையில் கௌரி சரியாகத்தான் தெரியும், தேடினால் கிடைக்காது. கௌரி, சௌந்தரி, மௌனகுரு போன்ற பெயர்களைத் தனித்தனியாகத் தேடித் திருத்த வேண்டும்.