லாஸ் வேகஸ் ரோடியோ பார்க்கப் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

கே: டிசம்பரில் நேஷனல் ஃபைனல்ஸ் ரோடியோ (துள்ளுகிற குதிரை, காளை மேல் சவாரி, கன்றைக் கயிறு வீசிப் பிடிப்பது எல்லாம் உள்ள போட்டி) பார்க்கப் போகிறோம். எந்த இருக்கை நல்லது?

ப: 1985இலிருந்து தாமஸ் அண்ட் மேக் அரங்கில்தான் நடக்கிறது, கொரோனாவால் 2020இல் மட்டும் டெக்சஸ் போனது. கூடைப்பந்து ஆடுகிற அரங்கம் என்பதால் களம் சிறிது. மேல் வரிசையிலும் நன்றாகவே தெரியும். விலங்குகள் பாய்ந்து வருகிற மஞ்சள் கூண்டுகள் நேராகத் தெரிகிற பக்கமாகப் பாருங்கள். ஒருமுறை ஆசைப்பட்டுக் கீழ் வரிசையில் உட்கார்ந்தேன். காளை உதைத்த மண் நேராக என் நாச்சோஸ் தட்டில். பெரிய கைப்பை வேண்டாம். தாமதமாகவும் போகாதீர்கள்.

கே: 7 மணிக்குப் போனால் போதுமா?

ப: பாதி முடிந்திருக்கும். 5:45க்கே ஆரம்பம். காளைச் சவாரி கடைசியில்தான், ஆனால் முதலில் வருகிற சேணமில்லாக் குதிரைச் சவாரியை விட்டால் நஷ்டம் உங்களுக்கு.

கே: 8 வினாடி தாக்குப்பிடித்தால் வெற்றியா?

ப: நல்ல கேள்வி. 8 வினாடி இருந்தால்தான் மதிப்பெண்ணே உண்டு. 100இல் பாதி வீரருக்கு, பாதி விலங்குக்கு. அதனால் முரட்டுக் காளை கிடைத்தால் வீரருக்குக் கொண்டாட்டம். காலியாக இருக்கிற கை விலங்கின் மேல் பட்டால் பூஜ்யம். குதிரைச் சவாரியில் கதவு திறந்ததும் எல்லோரும் வீரரின் முகத்தைப் பார்ப்பார்கள். நீங்கள் காலைப் பாருங்கள். குதிரை முதல் துள்ளலை முடிக்கும்வரை வீரரின் குதிமுள் (காலணியின் குதிகாலில் மாட்டுகிற முள்) அதன் தோளுக்கு மேலே இருக்க வேண்டும். தவறினால் சவாரி எவ்வளவு அழகாக இருந்தாலும் வீண்.

கே: நம்ம ஜல்லிக்கட்டு மாதிரிதானே?

ப: இல்லை.

கே: விதைப்பையில் கயிறு கட்டித்தான் துள்ள வைக்கிறார்களாமே?

ப: இந்த வாரத்தில் நான்காவது முறை. பட்டை கட்டுவது பின்னங்காலுக்கு முன்னால், அடிவயிற்றைச் சுற்றி. துள்ளுகிற குதிரைகளில் நிறைய பெட்டைகள். அவற்றுக்கு எதைக் கட்டுவது?

கே: சரி, கன்றுக்குட்டி? அதற்கு என்ன சமாதானம்?

ப: என்னிடம் சமாதானம் இல்லை. ஓடுகிற கன்றின் கழுத்தில் கயிறு விழுகிறது, குதிரை சட்டென்று நிற்கிறது, வீரர் குதித்து ஓடி மூன்று காலைக் கட்டுகிறார். கட்டு 6 வினாடி அவிழாமல் இருக்க வேண்டும். பண்ணையில் நோய்ப்பட்ட கன்றைப் பிடிக்கிற வித்தை என்பார்கள், உண்மைதான். ஆனால் பண்ணையில் யாரும் கடிகாரம் வைப்பதில்லை. நான் அந்த நேரத்தில் காபி வாங்கப் போய்விடுவேன்.

கே: மாட்டுக்கறி தின்கிற ஊரில் கன்றுக்குக் கண்ணீரா?

ப: தின்பது வேறு, வேடிக்கை பார்ப்பது வேறு. இரண்டும் தவறு என்பவரோடு பேசலாம், இரண்டும் சரி என்பவரோடும் பேசலாம். ஒன்றைக் காட்டி மற்றதை மறைத்தால் நான் பேசுவதற்கு இல்லை. அடுத்தது.

கே: எத்தனை மணிக்குத் தொடங்கும்?

ப: 5:45. மேலே எழுதியிருக்கிறேன், ஐயா.