கேமராவுக்குத் தெரியாத ஃப்ளாஷ்

ஒளிப்படக் கேள்வி – பதில்

கேமராவிலிருந்து தள்ளி வைத்த ஃப்ளாஷ், பின்திரையைப் பார்த்து எடுக்கும் லைவ் வியூ: இந்த இரண்டையும் சேர்த்துக் கையாளும்போது வரும் சிக்கல்களைப் பற்றியே இம்முறை அதிகக் கடிதங்கள். அறிகுறிகள் வேறுவேறாக இருந்தாலும் பல கடிதங்களுக்குப் பதில் தேடும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: தன்னோடு ஒரு ஃப்ளாஷ் இணைந்திருப்பது கேமராவுக்குத் தெரியுமா?

கும்பகோணம் வாசகர்: நாச்சியார்கோவில் குத்துவிளக்குகளை இணையத்தில் விற்பதற்காகப் படமெடுக்கிறேன். கேமரா கேனான் 70டி. ஃப்ளாஷைக் கம்பியில்லாமல் அடிக்கவைக்கும் சாதாரண ரேடியோ டிரிக்கர், கையால் பவர் வைக்கும் ஃப்ளாஷ். வியூஃபைண்டரில் கண் வைத்து எடுத்தால் ஃப்ளாஷ் அடிக்கிறது. லைவ் வியூவைத் திறந்தால் அடிப்பதே இல்லை. டிரிக்கர் போய்விட்டதா?

டிரிக்கர் நன்றாகத்தான் இருக்கிறது. உறுதி செய்துகொள்ள, லைவ் வியூ திறந்திருக்கும்போதே டிரிக்கரில் உள்ள டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள். ஃப்ளாஷ் அடித்தால் ரேடியோ, பேட்டரி, சேனல் எல்லாம் சரி. கேமராதான் சைகை அனுப்பவில்லை.

லைவ் வியூ மெனுவில் ‘சைலன்ட் எல்வி ஷூட்’ என்று ஒரு வரி இருக்கும். அதில் மோட் 1, மோட் 2, டிசேபிள் என்று மூன்று தேர்வுகள். அதை டிசேபிள் ஆக்குங்கள், ஃப்ளாஷ் அடிக்கும். 50டி, 60டி, 7டி, 6டி, 5டி மார்க் 2 ஆகியவற்றிலும் இதே வரி உண்டு.

காரணத்தையும் தெரிந்துகொள்வது நல்லது. மோட் 1, மோட் 2 இரண்டிலும் ஷட்டரின் முதல் திரை (சென்சாரைத் திறந்துவிடுவது; இரண்டாம் திரை அதை மூடுவது) ஓடுவதில்லை. அந்த வேலையைச் சென்சாரே மின்னணு முறையில் செய்துவிடுகிறது. சத்தம் குறைவதும் அதனால்தான். இந்த நிலையில் ஹாட் ஷூவின் (கேமராவின் தலையில் ஃப்ளாஷ் மாட்டும் இடம்) நடு முனைக்கு ஃப்ளாஷ் சைகை போவதில்லை. கேனானின் சொந்த ஃப்ளாஷை மாட்டினால் சுற்றியுள்ள சிறு முனைகள் வழியாக அது தன் இருப்பைச் சொல்லிவிடும். உடனே கேமரா மெனுவில் என்ன வைத்திருந்தாலும் தானாகவே டிசேபிள் நிலையில் படமெடுக்கும். உங்கள் டிரிக்கரில் இருப்பது நடு முனை மட்டும். அது சைகை வாங்குமே தவிர எதையும் சொல்லாது.

பித்தளை விளக்கு என்பதால் இன்னும் கொஞ்சம். லைவ் வியூவை நீங்கள் விடாமல் பிடித்திருப்பது சரியான முடிவு. விளக்கின் அன்னத்தையோ தண்டின் கடைசல் வரிகளையோ 10 மடங்கு பெரிதாக்கிப் பார்த்து, கையால் ஃபோகஸ் செய்ய இதைவிட நல்ல வழி இல்லை. மேனுவல் மோடில் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 100, அப்பர்ச்சர் (லென்ஸ் துளையின் அளவு) எஃப் 11, ஷட்டர் 1/160 நொடி, ஃப்ளாஷ் 1/16 பவர் என்று தொடங்குங்கள். படம் இருட்டாக இருந்தால் பவரை 1/8 ஆக்குங்கள், வெளுத்தால் 1/32. ஷட்டர் வேகத்தைத் தொட வேண்டாம். ஃப்ளாஷின் வெளிச்சம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோதான் நீடிக்கிறது. ஷட்டர் அதைவிட நேரம் திறந்திருந்து பயனில்லை. ஃப்ளாஷ் வெளிச்சத்தைத் தீர்மானிப்பவை பவர், தூரம், அப்பர்ச்சர், ஐஎஸ்ஓ ஆகிய நான்கும்தான். தூரத்தைப் பாதியாக்கினால் வெளிச்சம் நான்கு மடங்காகும், அதாவது இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது வெளிச்சம் இரு மடங்காவது).

பித்தளை கண்ணாடி மாதிரி. ஃப்ளாஷை நேராகக் காட்டினால் ஒரு வெள்ளைப் பொட்டு, சாஃப்ட் பாக்ஸைக் காட்டினால் ஒரு வெள்ளைச் சதுரம் அதில் விழும். ஒரு மீட்டர் அகல டிரேசிங் பேப்பரை விளக்குக்குப் பக்கவாட்டில் தொங்கவிட்டு, அதற்கு 60 சென்டிமீட்டர் பின்னால் ஃப்ளாஷை வையுங்கள். தாள் முழுக்க ஒளிரும்போது பித்தளையில் மென்மையான நீண்ட பட்டையாக விழும். மறுபக்கம் கறுப்புச் சார்ட் அட்டையை நிறுத்துங்கள். விளக்கின் ஓரம் பின்னணியில் கரையாமல் கோடு போட்ட மாதிரி நிற்கும். அட்டை இல்லாமல் எடுத்த வெள்ளைப் பின்னணிப் படங்களில் தண்டு பாதி காணாமல் போவதைப் பார்க்கலாம்.

வொயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாதீர்கள். ஃப்ளாஷ் குறியில் வையுங்கள். திரையில் அறை விளக்கின் நிறம் மாறித் தெரிந்தாலும் பொருட்படுத்த வேண்டாம். பித்தளை நிறம் படத்துக்குப் படம் மாறினால் வாங்குபவருக்கு நம்பிக்கை போய்விடும்.

திருப்பூர் வாசகர்: எனக்கும் இதே சிக்கல். ஆனால் என் 600டி மெனுவில் ‘சைலன்ட்’ என்ற வரியே இல்லை.

600டியில் அந்த வரி கிடையாது. வேறு நிறுவன ஃப்ளாஷ் லைவ் வியூவில் அடிக்காது என்று அதன் கையேடே சொல்கிறது. இரண்டு வழிகள். செலவில்லாத வழி: லைவ் வியூவில் ஃபிரேம் அமைத்து, பெரிதாக்கி ஃபோகஸ் செய்யுங்கள். லென்ஸின் பொத்தானை எம்எஃப் (கையால் ஃபோகஸ்) பக்கம் தள்ளுங்கள். லைவ் வியூவை மூடிவிட்டு 2 நொடி டைமரில் எடுங்கள். டிரைபாட் அசையாதவரை ஃபோகஸ் மாறாது. செலவுள்ள வழி: கேனானுக்கென்று செய்த டிடிஎல் (லென்ஸ் வழியே ஒளி அளக்கும் முறை) டிரிக்கர். அது கேனான் ஃப்ளாஷ் போலவே கேமராவோடு பேசும். அதை வைத்துக்கொண்டு ஃப்ளாஷை மேனுவலிலேயே இயக்கலாம்.

யாழ்ப்பாணம் வாசகர்: சோனி ஏ6400 வாங்கியிருக்கிறேன். ஃப்ளாஷுக்காக 1/125, எஃப் 8, ஐஎஸ்ஓ 100 என்று வைத்தால் திரை முழுக்கக் கறுப்பு. ஆள் எங்கே நிற்கிறார் என்றே தெரியவில்லை. ஆனால் படம் சரியாக வருகிறது.

மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமராவில் வியூஃபைண்டரும் லைவ் வியூதான். நீங்கள் வைத்த அளவுகளில் படம் எப்படி வரும் என்பதை அது முன்கூட்டியே காட்டப் பார்க்கிறது. அறை வெளிச்சத்துக்கு அந்த அளவுகள் போதாது, ஆகவே கறுப்பு. ஃப்ளாஷ் வெளிச்சம் இன்னும் பிறக்கவில்லை. பிறக்காத வெளிச்சத்தை எந்தத் திரையும் காட்ட முடியாது.

மெனுவில் ‘லைவ் வியூ டிஸ்ப்ளே’ என்ற இடத்துக்குப் போய் ‘செட்டிங் எஃபெக்ட் ஆஃப்’ வையுங்கள். திரை தானாகப் பிரகாசமாகிவிடும். மற்றவர்களுக்கும் சொல்லிவிடுகிறோம்: கேனானில் ‘எக்ஸ்போஷர் சிமுலேஷன்’ என்பதை டிசேபிள் செய்ய வேண்டும். நிக்கான் இசட் 6இல் ‘அப்ளை செட்டிங்ஸ் டு லைவ் வியூ’ ஆஃப். ஃபியூஜிஃபில்மில் ‘ப்ரிவ்யூ எக்ஸ்போஷர், வொயிட் பேலன்ஸ் இன் மேனுவல் மோட்’ ஆஃப். ஒலிம்பஸில் மட்டும் தலைகீழ்: ‘லைவ் வியூ பூஸ்ட்’ ஆன். ஃப்ளாஷ் இல்லாமல் வெளியே எடுக்கும் நாளில் இதைப் பழையபடி மாற்ற மறக்காதீர்கள். திரை அழகாகத் தெரிந்து, படங்கள் எல்லாம் இருட்டாக வந்து நிற்கும்.

இதில் அடுத்த பொறி ஒன்று உண்டு. எடுக்கும் முன் திரையில் ஓடும் ஹிஸ்டோகிராம் (வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) அறை வெளிச்சத்தை மட்டுமே பேசும். ஃப்ளாஷ் படத்துக்கு அது ஒரு துளியும் உதவாது. ஒரு சோதனைப் படம் எடுத்து, அந்தப் படத்தின் ஹிஸ்டோகிராமைப் பாருங்கள்.

அறை மிகவும் இருட்டாக இருந்து ஃபோகஸ் தடுமாறினால் ஆளின் முகத்துக்கு ஒரு மீட்டர் தள்ளி 9 வாட் எல்இடி பல்பு ஒன்றை எரியவிடுங்கள். அது படத்தைக் கெடுக்குமோ என்று சந்தேகம் வேண்டாம்: ஃப்ளாஷை அணைத்துவிட்டு உங்கள் அதே அளவுகளில் ஒரு படம் எடுங்கள். முழுக் கறுப்பாக வந்தால் பல்பின் வெளிச்சம் படத்தில் சேரவில்லை என்று பொருள். ஃப்ளாஷில் உள்ள சிவப்பு ஃபோகஸ் விளக்கை நம்பி மிரர்லெஸில் இறங்காதீர்கள். பெரும்பாலான மிரர்லெஸ் கேமராக்கள் அதைப் பயன்படுத்துவதில்லை.

திண்டுக்கல் வாசகர்: கேனான் 200டி மார்க் 2, கோடாக்ஸ் டிடி600 ஃப்ளாஷ். சாதாரண டிரிக்கர் லைவ் வியூவிலும் அடிக்கவில்லை, வியூஃபைண்டரிலும் அடிக்கவில்லை. மெனு முழுக்கத் தேடிவிட்டேன்.

மெனுவில் கிடைக்காது. ஹாட் ஷூவைக் கண்ணால் பாருங்கள். நடுவில் இருக்க வேண்டிய பெரிய முனை உங்கள் கேமராவில் இல்லை. 200டி மார்க் 2, 1500டி, 3000டி ஆகிய ஆரம்பநிலைக் கேமராக்களில் கேனான் அதை நீக்கிவிட்டது. நடு முனையை மட்டும் நம்பும் எந்த டிரிக்கரும் இவற்றில் வேலை செய்யாது. புதிதாகத் தொடங்கும் ஒருவர் குறைந்த செலவில் ஃப்ளாஷ் கற்றுக்கொள்ளும் வழியையே அடைத்த இந்த முடிவு எங்களுக்கு வருத்தம் தருகிறது. புது டிரிக்கர் வாங்கும்முன் அதன் தயாரிப்பாளர் தரும் பொருந்தும் கேமராக்கள் பட்டியலில் உங்கள் மாடலின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ‘கேனானுக்கு’ என்று பெட்டியில் எழுதியிருப்பது மட்டும் போதாது.

அதுவரை காசில்லாமல் ஒரு வழி. கேமராவின் உள் ஃப்ளாஷைக் கையால் தூக்கிவிடுங்கள். டிடி600ஐ எஸ்2 நிலையில் வையுங்கள்; இன்னொரு ஃப்ளாஷின் மின்னலைக் கண்டு தானும் அடிக்கும். உள் ஃப்ளாஷ் ஒளி அளக்க முதலில் ஒருமுறை மின்னும், பிறகுதான் படத்துக்காக அடிக்கும். எஸ்1 வைத்தால் டிடி600 அந்த முதல் மின்னலுக்கே அடித்து ஓய்ந்துவிடும். எஸ்2 முதல் மின்னலை விட்டு இரண்டாவதற்கு அடிக்கும். சிவப்புக்கண் தடுப்பு விளக்கை அணைத்துவிடுங்கள். உள் ஃப்ளாஷின் அளவை 2 ஸ்டாப் குறைத்து, ஒரு வெள்ளை அட்டையை அதன் முன் சாய்த்து ஒளியைக் கூரைக்குத் திருப்பினால் ஆளின் முகத்தில் நேர் வெளிச்சம் விழாது. அறைக்குள் இது நன்றாக நடக்கும். வெயிலில் நடக்காது, டிடி600இன் கண்ணுக்கு அந்த மின்னல் தெரியாது.

சேலம் வாசகர்: 7டியில் கேனான் ஃப்ளாஷ். லைவ் வியூவில் ஒருமுறை அழுத்தினால் ஷட்டர் இரண்டுமுறை சத்தம் போடுகிறது. படம் ஒன்றுதான் வருகிறது.

பழுதில்லை. லைவ் வியூவில் ஃப்ளாஷோடு எடுத்தால் இரண்டு ஷட்டர் சத்தம் கேட்கும், பதிவாவது ஒரு படம்தான் என்று கேனானே கையேட்டில் சொல்கிறது. வெளிப்புற ஃப்ளாஷ் மாட்டியிருக்கும்போது எஃப்இ லாக் (ஃப்ளாஷ் அளவைப் பூட்டிவைப்பது), மாடலிங் ஃப்ளாஷ் (நிழலைப் பார்க்கத் தொடர்ந்து மின்னுவது) இரண்டும் லைவ் வியூவில் இயங்காது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நிழல் எங்கே விழும் என்று மாடலிங் ஃப்ளாஷில் பார்க்க வேண்டுமானால் லைவ் வியூவை மூடிவிட்டுப் பார்க்க வேண்டும்.

கோயம்புத்தூர் வாசகர்: படத்தின் அடியில் கறுப்புப் பட்டை விழுகிறது. 6டி, 1/200 நொடி.

6டியின் ஃப்ளாஷ் எல்லை, அதாவது ஃப்ளாஷோடு வைக்கக்கூடிய அதிக ஷட்டர் வேகம், 1/180. அதற்கு மேல் போனால் ஃப்ளாஷ் அடிக்கும் நேரத்தில் ஷட்டரின் இரண்டாம் திரை மூடத் தொடங்கிவிடுகிறது. சென்சாரில் படம் தலைகீழாக விழுவதால், மேலிருந்து இறங்கும் திரையின் நிழல் படத்தின் அடியில் தெரிகிறது. டிடிஎல் டிரிக்கர் என்றால் கேமராவே வேகத்தை எல்லைக்குள் நிறுத்திவிடும். நடு முனை டிரிக்கர் என்றால் ஃப்ளாஷ் இருப்பது அதற்குத் தெரியாது, நீங்கள் கேட்ட வேகத்தை அப்படியே கொடுக்கும். சில டிரிக்கர்கள் சற்றுத் தாமதமாகவும் சைகை அனுப்பும். 1/125 வைத்துப் பாருங்கள். பட்டை போய்விட்டால் 1/160ஐயும் சோதித்து, பட்டை வராத அதிக வேகத்தை டிரிக்கரின் மேலேயே ஸ்டிக்கரில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

சென்னை வாசகர்: கோயில் கச்சேரியில் சத்தம் கேட்கக் கூடாதென்று மிரர்லெஸில் சைலன்ட் மோட் போட்டேன். ஃப்ளாஷ் அடிக்கவில்லை.

அடிக்காது. மின்னணு ஷட்டர் சென்சாரை வரிவரியாக வாசிக்கிறது. ஃப்ளாஷ் மின்னும் கணத்தில் எல்லா வரிகளும் ஒருசேர ஒளி வாங்கும் நிலையில் இருக்காது என்பதால் பெரும்பாலான கேமராக்கள் ஃப்ளாஷைத் தடுத்துவிடுகின்றன. நிக்கான் இசட் 9 மெக்கானிக்கல் ஷட்டரே இல்லாமல் ஃப்ளாஷ் அடிக்கக் கூடியது, ஏனெனில் அதன் சென்சார் மிக வேகமாக வாசிக்கும். 2023இல் அறிவிக்கப்பட்ட சோனி ஏ9 மூன்றாம் பதிப்பு எல்லாப் புள்ளிகளையும் ஒரே கணத்தில் வாசிப்பதால் அதற்கும் இந்தத் தடை இல்லை. உங்கள் கேமராவில் ஷட்டர் வகையை மெக்கானிக்கலுக்கு மாற்றினால் ஃப்ளாஷ் அடிக்கும், சத்தமும் திரும்பும். கச்சேரியில் ஃப்ளாஷை விட்டுவிட்டு ஐஎஸ்ஓவை 3200க்கு ஏற்றுங்கள். பாடுபவரின் கண்ணுக்கும் அதுதான் நல்லது.